மைக்கின் முகம்

ஃபேனை நிறுத்திவிட்டால் ஒரு வீடு இத்தனை பேசும் என்று எப்சிபாவுக்கு இந்த ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் தெரியாது. குளியலறைக் குழாயிலிருந்து வாளியில் சொட்டு விழுகிறது, அது முதலில். எழுந்து போய் வாளிக்குள் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு வந்தாள், இப்போது சொட்டு துணியில் விழுந்து ஊமையாகிவிட்டது. பிறகு ஃபிரிட்ஜ். ஓடுகிற நினைப்பே யாருக்கும் இல்லாமல் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மகன் கிதியோன்தான் காலையில் சொன்னான், எம்மா அந்த ஃபிரிட்ஜ்தான் மொத எதிரி, அதப் புடுங்கிவிட்டுட்டு உக்காரு. பிடுங்கிவிட்டாள். உள்ளே சாளை மீன் குழம்பு இருக்கிறது, நாளைக்குத் தான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அப்பாவும் மகனும் இரண்டு நாள் ஊற்றிச் சாப்பிடட்டும் என்று புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு வைத்தது, அரை மணி நேரத்தில் கெட்டுப்போகாது, ஒரு மணி நேரம் ஆனால் என்று ஒரு மனது, குழம்பைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள் என்று இன்னொரு மனது. சன்னலுக்கு ஜமுக்காளம் கட்டியாயிற்று. மெத்தையைத் தூக்கி பீரோவில் சாய்த்தாயிற்று. இரும்பு பீரோ சத்தத்தைத் திருப்பி அடிக்குமாம், மெத்தை என்றால் குடித்துவிடுமாம். முப்பது வருஷமாக இந்த மெத்தை குடித்தது எவ்வளவு இருக்கும் என்று நினைத்தாள், தலையணையில் வாயை வைத்து அவள் அழுததும் சேர்த்து. அறைக்கு நடுவில், தையல் மிஷின் மூடியின்மேல், அந்த மைக். கன்டென்சர் மைக்காம். கறுப்பாக, ஒரு சாண் உயரத்தில், நாலு பக்கமும் ரப்பர் கயிறு இழுத்துப் பிடிக்க நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது, தூளியில் கிடக்கிற பிள்ளை மாதிரி. இதுக்கு எம்புட்டு கொடுத்த என்று கேட்டதற்கு, ஒன் கண்ணாடி வெலதாம்மா என்றான். ஸ்டூடியோவில் இருக்கிறதெல்லாம் கார் விலைக்கு வரும், வீட்டில் வைத்துப் பதிய இது தாராளம், வெலதான் கம்மி, காது பெருசு. காது பெரிது என்றதும் அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பெரிய காதுக்கு முன்னால் எதைச் சொல்வது, எதை விடுவது.

நாளைக் காலை கழுத்தில் ஆப்பரேஷன். தைராய்டுக் கட்டி, எலுமிச்சங்காய் அளவு, விழுங்கும்போது ஏறி இறங்கும். ஆபத்தில்லாத கட்டிதான் என்று ஊசி குத்திப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், ஸ்தோத்திரம், ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும் என்றாள் அந்த டாக்டர், சின்னப் பெண், மகள் கெத்சியாள் வயதுதான் இருக்கும், கெத்சியாளைப் போலவே பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். கட்டிக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு நூல் மாதிரி ஓடுகிறதாம். பார்த்துத்தான் எடுப்போம், நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாது, ஒரு சிலருக்குக் குரல் கம்மிப்போகும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகலாம் என்றாள். நீங்க பாடுவீங்களா, டீச்சரா என்று கேட்டாள். இல்லம்மா, ஜெபம் பண்ணுவேன் என்றாள் எப்சிபா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “அதுக்குக் குரல் வேணுமா ஆன்ட்டி?” என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். அந்தக் கேள்வி பதினோரு நாளாக மீன்முள் மாதிரி இறங்காமல் நிற்கிறது. வேண்டாம்தான். மனதில் நினைத்தாலே கேட்கிறவர் அவர். அப்படியானால் இத்தனை வருஷம் விடியற்காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்று சத்தமாகச் சொன்னது யாருக்கு? ஆண்டவருக்குக் காது மந்தமா? பக்கத்து அறையில் போர்வைக்குள் கிடந்த இரண்டு பிள்ளைகளுக்கா? அவர்களுக்குக் கேட்கட்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் கேட்டார்கள். சென்னையில் அலாரம் இல்லாமலே அஞ்சு மணிக்கு முழிச்சிருதேம்மா, முழிச்சு உன் சத்தத்தைத் தேடுதேன் என்று கிதியோன் ஒரு தடவை சொன்னான், முப்பது வயது ஆண்பிள்ளை, தாடியெல்லாம் வைத்துக்கொண்டு. அப்படியென்றால் குரல் என்பது பாதி மேலே போகிறது, பாதி சுவர் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. நாளை அந்தப் பாதி அறுந்துபோனால். எச்சில் விழுங்கினாள். கட்டி ஏறி இறங்கியது.

ஜெபத்தில் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வீட்டுக்காரர், அருமைநாயகம், அவருடைய முழங்கால், அவருடைய கோபம். அடுத்து மூத்தவள் கெத்சியாள். அடுத்து கிதியோன். பிறகு தம்பி வீடு, நாத்தனார் வீடு, மேல்வீட்டு லீலாவதியின் சர்க்கரை, பால்காரர் பேச்சிமுத்துவின் குதிகால், யாராவது அன்றைக்குப் பரீட்சை எழுதினால் அந்தப் பிள்ளை. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது இந்த வரிசையை வைத்துச் சண்டை போடுவார்கள், எம்பேரு முன்னாடி, உம்பேரு பின்னாடி என்று. கெத்சியாள் சொல்லுவாள், அப்பா பேரு முடிஞ்ச ஒடனே எம்பேரு வரும், அதுக்குள்ள நான் கண்ண முழிச்சிருக்கணும், இல்லன்னா அன்னைக்குப் பரீட்சை போச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஐதராபாத்திலிருந்து அவள் கடிதம் வந்தது. போனில் சொல்லப் பயந்து கடிதம் எழுதியிருந்தாள், கூட வேலை பார்க்கிற வம்சி என்கிற தெலுங்குப் பையனைப் பதிவு ஆபீசில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன் என்று. கோவிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் செய்ய வேண்டியதை இவள் இரண்டு சாட்சிக் கையெழுத்தில் முடித்துவிட்டாள். அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார், மடித்தார், மடித்ததை மறுபடி மடித்தார். “இனி இந்த வீட்டு ஜெபத்துல அந்தப் பேரு வரப்படாது” என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் ஆறியிருக்கும். மின்வாரியத்தில் முப்பத்திமூன்று வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷர், ஒயரைத் துண்டித்தால் துண்டித்ததுதான். மறுநாள் விடியற்காலை அவள் முழங்கால் போட்டாள், அவர் பெயர் முடிந்தது, அடுத்தது வருகிற இடத்தில் நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள். அந்த மூச்சுக்குள் வாயைத் திறக்காமல் பெயரைச் சொன்னாள். பிறகு கிதியோன். அன்றிலிருந்து தினமும் அந்த இடைவெளி, சட்டையில் பொத்தான் போன இடம் மாதிரி, விரல் தானாகப் போய் அங்கே நிற்கும். பிறகு அந்த இடைவெளிக்குள் வம்சியையும் வைத்தாள். ஒன்றே முக்கால் வருஷமாக ஒரு குழந்தையும் அதற்குள் இருக்கிறது; கிதியோன் போனில் போட்டோ காட்டியபோது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள், நெற்றி அப்படியே தாத்தாவின் நெற்றி, அதை யாரிடம் சொல்ல. ஒரு மூச்சுக்குள் எத்தனை பேரைத்தான் அடைப்பது.

இந்த மைக்கை வாங்கச் சொன்னதே கெத்சியாள்தான். முந்தாநாள் பெட்டியைப் பிரித்துக்கொண்டே கிதியோன் சொன்னான், போன்ல எடுத்தா பக்கத்து வீட்டு மிக்சியும் சேந்து வரும், நல்ல மைக்கா வாங்குன்னு அக்காதான் பணம் போட்டா, ஜெபத்த வெட்டாம முழுசா வேணுமாம். சொல்லிவிட்டு ஒயரைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். “அவ பேரு இன்னும் வருதாம்மான்னு கேட்டா” என்றான் தரையைப் பார்த்து. வரும் என்றாள் எப்சிபா. சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பொய்யா அது? ஆண்டவருக்கு முன்னால் பொய்யில்லை, மைக்குக்கு முன்னால் பொய். இன்றைக்குச் சொன்னால் உண்டு. நாளைக்கு நூல் அறுந்துவிட்டால், அந்தப் பெயர் இந்தத் தொண்டையிலிருந்து ஒருநாளும் வராமலே போய்விடும், அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்து, அப்பா பெயர் முடிந்து தம்பி பெயர் வருவதைக் கேட்கும், நடுவில் தன்னைத் தேடும். சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும்? கூடத்தில் அவர் இருக்கிறார். மத்தியானம் தூங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. கதவைச் சாத்தவும் வழியில்லை, இந்த அறை பிளக்கில் சொருகினால் லேப்டாப்பில் இரைச்சல் வருகிறதென்று அவரே கூடத்திலிருந்து ஒயர் இழுத்துவிட்டிருக்கிறார், டெஸ்டர் வைத்துத் தொட்டுப் பார்த்து, மூட்டுக்கு டேப் சுற்றி, கால் தடுக்காமல் சுவரோரமாக. எதற்கு இந்தப் பதிவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடத்து ஃபேன் கடகடவென்று அடிக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டு, இந்த வெக்கையில் பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்குக் கத்தி வைக்கப் போகிற கழுத்து என்று இரண்டு நாளாக அவளிடம் தண்ணீர்கூட எடுக்கச் சொல்லுவதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷரிடம், கல்லும் இல்லை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கல், அந்த இடத்தில் போய் இன்றைக்குப் பார்த்து மோத வேண்டுமா.

லேப்டாப்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தானை அமுக்கினால் பதியும், திரும்ப அமுக்கினால் நிற்கும், பச்சையை அமுக்கினால் கேட்கலாம். இதெல்லாம் மூன்று தடவை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கிதியோன் ஆஸ்பத்திரியில் அறைக்கு எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறான். இன்னொன்றும் சொன்னான். கோவில் மைக்கில் பேசுகிற மாதிரி உச்சியில் வாயை வைக்காதே, இதற்கு முகம் பக்கவாட்டில் இருக்கிறது, நீல விளக்கு எரிகிற பக்கம்தான் முகம், அதைப் பார்த்துப் பேசணும். முதுகுப் பக்கம் இதற்குக் காது கேட்காது. சரி என்றாள். ஆனால் இப்போது உட்கார்ந்து பார்த்தால் அந்த நீல விளக்கு இமைக்காமல் அவளையே பார்க்கிறது. பெண்கள் கூட்டத்தில்கூட முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபிக்கிறவள் அவள். எதிரில் ஒரு முகம் இருந்தால் வார்த்தை ஜெபமாக வராது, பேச்சாகிவிடும், சொல்லுகிற ஒவ்வொன்றையும் இது நன்றாக இருக்கிறதா என்று காது திரும்பிப் பார்க்கும். கண்ணை மூடினாள். மூடினாலும் அந்த நீலம் இமைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, உறங்குகிற பிள்ளையை மறுபக்கம் ஒருக்களிக்க வைப்பது போல, மெதுவாக அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிவைத்தாள். அப்பாடா என்றிருந்தது. இப்போது அது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நாம் நம்முடைய வேலையைப் பார்ப்போம். முதுகுக்குக் காது கேட்காது என்று அவன் சொன்னது, சொன்னதாகவே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. சிவப்பை அமுக்கினாள். முழங்காலில் நின்றாள். முந்தானையை இழுத்துவிட்டாள். ஆண்டவரே, இந்த மத்தியான வேளைக்காக ஸ்தோத்திரம், ஐந்து மணிக்கு வர வேண்டியவள் இரண்டு மணிக்கு வந்திருக்கிறேன், மன்னியும் என்று தொடங்கினாள், தொடங்கியதும் பழக்கப்பட்ட மாடு மாதிரி வார்த்தைகள் வழியில் இறங்கின. நாளைக்கு அந்தச் சின்னப் பெண்ணின் கையை நீர் பிடித்துக்கொள்ளும். எங்க வீட்டுக்காரவுங்க முழங்காலுக்குச் சுகம் கொடும், நான் படுத்திருக்கிற நாளில் அவுங்க நேரத்துக்கு மாத்திரை போடட்டும். அவர் பெயர் முடிந்தது. இதோ. இப்போது. வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியது. கூடத்தில் பேப்பர் விசிறுகிற சத்தம் நின்ற மாதிரி இருந்தது, அவர் கேட்கிறார், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். ஆறு வருஷம் அவளைப் பழக்கிய அந்த மூச்சு, தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வந்தது. கிதியோனுக்கு ஒரு நல்ல பெண்ணைக் காட்டும் என்று அவளுடைய குரல் சொல்லிக்கொண்டு போனது. லீலாவதி, பேச்சிமுத்து, எல்லாம் வந்தார்கள். ஆமென் சொல்லும்போது கன்னம் நனைந்திருந்தது. அவ்வளவுதான், நீ சொல்லவில்லை. பெற்ற பிள்ளை ஒன்று கேட்டது. நீ சொல்லவில்லை.

பச்சையை அமுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தானே என்று, பெரிய காதுமூடி மாதிரி இருந்த அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒரு பொம்பளை கிணற்றுக்குள் நின்று பேசுகிறாள். அது தான்தான் என்று தெரிய நேரம் பிடித்தது. அவளுடைய குரல் எங்கோ தூரத்தில், முதுகுக்குப் பின்னால். பக்கத்தில், காதோடு காதாகக் கேட்டதெல்லாம் வேறு. சர்ரக், சர்ரக் என்று பேப்பர் விசிறுகிறது. நாற்காலிப் பிரம்பு முனகுகிறது. ஒரு செருமல், அவருடையது, காலையில் பல் விளக்கும்போது செருமுகிற அதே செருமல். அடக் கடவுளே, முகத்தைத் திருப்பிவைத்தோமே, இது என் ஜெபத்தைப் பதியவில்லை, அவுங்க உட்கார்ந்திருப்பதைப் பதிந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. கண்ணாடி விலைக்கு வாங்கின மைக், கூடத்துக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறது. அவர் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவள், இவ்வளவு நெருக்கமாக இந்த மூச்சைக் கேட்டதில்லை, ஃபேன் எப்போதும் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. தூரத்துப் பொம்பளை, மாத்திரை போடட்டும் என்றாள். பேப்பர் நின்றது. அந்த இடம் வந்தது. எப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள், தன்னுடைய குற்றத்தைத் தானே பார்க்க மனமில்லாமல். இடைவெளி வந்தது. இடைவெளிக்குள் ஒரு குரல் இருந்தது.

“கெத்சியாள்.”

சத்தம் என்று சொல்ல முடியாது, உதடு பிரிகிற சத்தம், அதற்குமேல் கொஞ்சம். பிறகு, “அந்தப் பையன்.” பிறகு மூச்சு. பிறகு, “சின்னக்குட்டி.” தூரத்தில் பொம்பளை கிதியோனுக்குப் போய்விட்டாள். பேப்பர் மறுபடி விசிறத் தொடங்கியது, சர்ரக், சர்ரக்.

அவள் பச்சையைத் திரும்ப அமுக்கினாள். திரும்பவும். மூன்றாவது தடவை கேட்கும்போது சந்தேகமில்லை. தடுமாற்றம் இல்லாமல், தினமும் ஏறுகிற படியில் ஏறுகிற மாதிரி மூன்று பேரும் அந்த அளவுக்குள் சரியாக அடங்கினார்கள். புதிதாகச் சொல்லுகிறவரால் அப்படிச் சொல்ல முடியாது. எத்தனை நாளாக. சின்னக்குட்டி ஒன்று இருப்பது எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், கிதியோனிடம் இவரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டோ பார்த்தாரா. அந்த இடம் வந்ததும் இவள் வாயை அடக்கிக்கொண்டு மனதுக்குள் சொல்ல, இவள் ஜெபத்துக்கு எழுந்ததும் கூடத்துப் பாய்க்குப் போய்ப் படுத்தபடி அவர் சொல்ல, நடுவில் ஒரு செங்கல் சுவர், ஒரு ஃபேன். கோபப்பட வேண்டுமா? பட்டுப் பார்த்தாள், கொஞ்சம் வந்தது, உண்மையாகவே வந்தது: சொன்ன வாயை நீங்களே மீறினீர்களே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன, ஆறு வருஷம் நான் ஊமையாக நின்றேனே. ஆனால் அவர் மீறவும் இல்லை. அவர் விதித்ததை அவள் காத்தாள், அவள் விட்ட இடத்தை அவர் காத்தார். விட்டுவிடாமல் அவள் அந்த மூச்சு நேரத்தை வைத்திருந்ததால்தானே அவருக்கு அங்கே ஒரு இடம் இருந்தது. ஆண்டவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தார் என்று நினைத்தாள், நினைத்தவுடன், சும்மா இருக்கவில்லையே, இதோ ஒரு மைக்கைத் திருப்பிவைத்தாரே என்றும் நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். காது வேர்த்திருந்தது. கதவிடுக்கில் அவருடைய ஒரு கால் தெரிந்தது, வீங்கின முழங்காலுக்குக் கீழே, நகம் வெட்டாத பாதம்.

“எப்சி, முடிஞ்சுதா? ஃபேன் போட்டுக்கிடட்டுமா?” என்றார் கூடத்திலிருந்து.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தொண்டையில் அந்தக் கட்டி ஒரு தடவை ஏறி இறங்கியது. மைக்கை அவள் திருப்பவில்லை. அதன் முகம் கதவைப் பார்த்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, முழங்காலுக்குப் போட்டிருந்த பாயை எடுத்துக்கொண்டு தையல் மிஷினைச் சுற்றி வந்து, கதவோரமாக விரித்தாள். அவளுக்கு முதுகுப் பக்கம் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் அவர். நீல விளக்கு இப்போது நேருக்கு நேராக முகத்தில் அடித்தது. அடிக்கட்டும்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “இன்னொரு தடவை சொல்லணும். இதுல ஒங்க சத்தந்தான் நல்லா விழுந்திருக்கு, எஞ்சத்தம் விழல.”

கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மனுஷருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. மேல்வீட்டில் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டு அடங்கியது. ஃபேன் சுவிட்சைப் போடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள், போட்டுவிட்டால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டாள். நாற்காலி தரையில் இழுபட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிரம்பு முனகியது.

“சொல்லு,” என்றார்.

எப்சிபா கையை நீட்டி சிவப்பை அமுக்கினாள். மேலிருந்து தொடங்கவில்லை, ஸ்தோத்திரத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“ஆண்டவரே, எங்க மூத்த மக கெத்சியாள்,” என்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது அரைத்தூக்கத்தில் படுத்திருந்தால் அவர்களும் கண் விழிக்கிற மாதிரி.